அரண்மனைக்குப் போட்ட பாதை: லண்டன் கிறிஸ்டல் பேலஸ் ஹை லெவல் கிளை ஏன் மூடப்பட்டது, என்ன மிஞ்சியிருக்கிறது

தெற்கு லண்டனின் கிறிஸ்டல் பேலஸ் ஹை லெவல் கிளைப் பாதையைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலானவர்கள் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். கண்ணாடி அரண்மனை எரிந்தது, பார்க்க ஒன்றும் இல்லை என்று கூட்டம் நின்றது, ரயிலையும் நிறுத்திவிட்டார்கள். சொல்ல வசதியான கதை. ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இடிக்கிறது. அரண்மனை எரிந்தது 1936 நவம்பர் 30. பாதை மூடப்பட்டது 1954 செப்டம்பர் 20. நடுவில் கிட்டத்தட்ட 18 ஆண்டுகள். அதற்குள் ஓர் உலகப் போர் வந்து போனது. போரின்போது நிறுத்திய சேவையை 1946-ல் மறுபடி தொடங்கவும் செய்தார்கள். தீதான் காரணம் என்றால் அரண்மனை இல்லாத மேட்டுக்கு ஏன் மறுபடி ரயில் விட வேண்டும்?

இந்தப் பாதை பிறந்த நாளிலிருந்தே நோயாளி என்பதுதான் நான் படித்தவற்றிலிருந்து எனக்குத் தெரிகிற உண்மை. இரண்டு பக்கமும் குடியிருந்த மக்களுக்காக இதைப் போடவில்லை. முனையில் இருந்த ஒரே ஒரு வாடிக்கையாளருக்காகப் போட்டார்கள். தீ அந்த நோயை வெளியே காட்டியது, அவ்வளவுதான். பாதைக்குப் பயணிகள் சேராமல் போனதற்கு எந்த நில நிர்வாகம் பெரிய காரணமோ, அதன் மிச்சங்கள் இன்றும் காட்டுக்குள் பிழைத்துக் கிடப்பதற்கும் அதே நிர்வாகம்தான் பெரிய காரணம். இந்தக் கிளையை மற்ற மூடிய பாதைகளிலிருந்து தனியாக எடுத்துப் பார்க்க வைப்பது இதுதான்.

மேட்டின் மேல் ஒரு நிலையம்

1851-ல் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்காக ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்த இரும்பும் கண்ணாடியுமான கூடத்தைப் பிரித்தெடுத்து, முன்பைவிடப் பெரிதாக சிடன்ஹம் மேட்டில் எழுப்பினார்கள். 1854-ல் விக்டோரியா மகாராணி அதைத் திறந்துவைத்தார். ரயிலும் அதே ஆண்டே வந்துவிட்டது. பிரைட்டன் கம்பெனி என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட லண்டன் பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வே அங்கே ஒரு நிலையம் வைத்து வண்டி விட்டது. பின்னால் லோ லெவல் என்று பெயர் பெற்ற நிலையம் அது. பெயருக்கேற்ப மேட்டின் கீழே இருந்தது. இறங்கியவர்கள் கண்ணாடிக் கூரை போட்ட நீண்ட நடைபாதையில் ஏறித்தான் அரண்மனையை அடைய வேண்டும்.

பிரைட்டன் கம்பெனியின் போட்டியாளர் லண்டன் சாத்தம் அண்ட் டோவர் ரயில்வே. அதற்கும் இந்தக் கூட்டத்தில் பங்கு வேண்டும். ஏறவே தேவையில்லாமல் அரண்மனை வாசலிலேயே ஆட்களை இறக்கிவிட்டால்? அந்த யோசனையில் ‘கிறிஸ்டல் பேலஸ் அண்ட் சவுத் லண்டன் ஜங்ஷன்’ என்ற பெயரில் தனிக் கம்பெனி எழுந்தது. வண்டிகளை ஓட்டும் பொறுப்பு சாத்தம் கம்பெனிக்கு. 1865 ஆகஸ்ட் 1 அன்று பெக்கம் ரை அருகிலிருந்து மேட்டின் உச்சி வரை பாதை திறந்தது.

உச்சியில் கட்டிய நிலையம் சாதாரணக் கொட்டகை அல்ல. எட்வர்ட் மிடில்டன் பாரி வடிவமைத்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடத்தைத் தந்த சர் சார்லஸ் பாரியின் மகன், கோவன்ட் கார்டனில் இன்றும் நிற்கும் ஓப்பரா அரங்கைக் கட்டியவர். செங்கல் சுவர், மேலே அகன்ற இரும்பு–கண்ணாடிக் கூரை, மூலைகளில் கோபுரங்கள், பாதை முடியும் இடத்தில் இன்ஜினைத் திருப்பிவிட ஒரு சுழல்மேடை. ஒரு நாட்டின் தலைநகர் முனையத்துக்குப் போதுமான கட்டடத்தை ஆறு கிலோமீட்டருக்கும் குறைவான கிளைப் பாதையின் கடைசியில் வைத்தார்கள். திறந்த மறு ஆண்டே, 1866-ல், ஓவரெண்ட் கர்னி நிதி நிறுவனம் வீழ்ந்த நெருக்கடியில் சாத்தம் கம்பெனி திவாலானது. காரணங்கள் பல இருந்தாலும், அந்தக் கம்பெனி தன் சக்திக்கு மீறிக் கட்டிக்கொண்டிருந்தது என்பதற்கு இந்த நிலையமே ஒரு சாட்சி.

டல்லிச் எஸ்டேட்

பாதை கடந்துபோன நிலத்தில் பெரும்பகுதி டல்லிச் எஸ்டேட்டுக்குச் சொந்தம். 1619-ல் நாடக நடிகர் எட்வர்ட் ஆலின் நிறுவிய கல்லூரி அறக்கட்டளையின் சொத்து அது. ரயில் கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்தது எஸ்டேட். ஆனால் பாலம் பார்வைக்கு எப்படி இருக்க வேண்டும், நிலையம் எப்படி இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. எஸ்டேட்டின் கட்டடக் கலைஞர் சார்லஸ் பாரி ஜூனியர். ஹை லெவல் நிலையத்தைக் கட்டிய எட்வர்டின் அண்ணன். மேட்டு நிலையம் தம்பி கையில், வழியிலுள்ள நிலம் அண்ணன் கண்காணிப்பில்.

கட்டடத்தின் அழகைவிட முக்கியமானது, எஸ்டேட் அங்கே குடியேற விட்டது யாரை என்பது. நீண்ட குத்தகைக்கு, விசாலமான தோட்டத்துடன், பெரிய பெரிய மாளிகை வீடுகள். சிடன்ஹம் மேட்டின் மேல் சாலை முழுக்க அப்படித்தான். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே நல்ல தூரம், பின்னால் காடு. அந்த வீட்டுக்காரர்களிடம் குதிரை வண்டி இருந்தது. புறநகர் ரயிலைப் பிழைக்க வைப்பவர்கள் தினமும் காலையில் சீசன் டிக்கெட்டோடு வரும் குமாஸ்தாக்களும் தொழிலாளர்களும்தான். அவர்கள் குடியிருக்க வேண்டிய வரிசை வீடுகளை எஸ்டேட் இந்தப் பாதையோரம் வர விடவில்லை. மற்ற புறநகர்ப் பாதைகள் ஊரை உண்டாக்கின, ஊர் அவற்றுக்குச் சோறு போட்டது. இங்கே ஊர் வரவே இல்லை.

இடையில் நிலையங்கள் மெல்ல மெல்லத்தான் சேர்ந்தன. லார்ட்ஷிப் லேன், ஆனர் ஓக் இரண்டும் 1865-லேயே வந்துவிட்டன. நன்ஹெட் 1871-ல். கடைசியாக 1884-ல் அப்பர் சிடன்ஹம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே ஒரு போட்டி நிலையம் இருந்தது. லார்ட்ஷிப் லேனிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பிரைட்டன் கம்பெனியின் ஃபாரஸ்ட் ஹில். ஆனர் ஓக்குக்கு அருகே 1886-ல் ஆனர் ஓக் பார்க் திறந்தது. மேட்டின் மறு சரிவில், சாத்தம் கம்பெனியே தன் முக்கியப் பாதையில் சிடன்ஹம் ஹில் நிலையத்தை 1863-லேயே திறந்திருந்தது! தன் கிளைப் பாதைக்குத் தானே போட்டி. பிறகு ட்ராமும் பஸ்ஸும் வந்தபோது நிலைமை இன்னும் மோசம்.

திருவிழாக் கூட்டத்தை நம்பி

அரண்மனையில் கூட்டம் சேர்ந்த நாட்களில் இந்தப் பாதை நிரம்பி வழிந்தது என்பதில் சந்தேகம் இல்லை. ஹாண்டல் இசை விழாக்கள், பிராக் கம்பெனியின் வாணவேடிக்கை, நாய்க் கண்காட்சி, பூனைக் கண்காட்சி என்று ஏதாவது நடந்துகொண்டே இருந்தது. 1895 முதல் 1914 வரை எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி அரண்மனைத் தோட்டத்தில்தான். 1901 இறுதிப் போட்டிக்கும் 1913 இறுதிப் போட்டிக்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். அந்தச் சனிக்கிழமைகளில் ஹை லெவல் நிலையத்தின் அகன்ற நடைமேடைகளுக்கு அர்த்தம் இருந்திருக்கும்.

சிக்கல் அங்கேதான். ஆண்டுக்குச் சில நாட்களுக்கு லட்சம் பேர், மற்ற நாட்களில் காலிப் பெட்டிகள். உச்சக் கூட்டத்துக்குக் கட்டிய நிலையத்தை மூன்று நூற்றுச் சொச்சம் நாட்கள் சும்மா பராமரிக்க வேண்டும். அரண்மனையும் கடனில் தத்தளித்தது. 1911 வாக்கில் ஏலத்துக்குப் போகும் நிலை வந்து, 1913-ல்தான் பொதுச் சொத்தாகக் காப்பாற்றப்பட்டது. அதே 1911-ல் பிரைட்டன் கம்பெனி விக்டோரியாவிலிருந்து லோ லெவல் வரை மின்சார ரயில் விட்டது. ஹை லெவல் பயணிகள் அப்போதும் நீராவி வண்டியில்தான் புகையோடு போனார்கள்.

1917 ஜனவரி 1 அன்று, போர்க்கால ஆட்குறைவில் இந்தக் கிளையை மூடினார்கள். அன்றைக்கே மூடப்பட்ட இன்னொரு கிளையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நன்ஹெட்டிலிருந்தே பிரிந்து போன கிரீனிச் பார்க் கிளை. ஒரே கம்பெனி, ஒரே சந்திப்பு, ஒரே நாள் மூடல், பயணிகள் இல்லை என்ற ஒரே நோய். கிறிஸ்டல் பேலஸ் பாதை 1919 மார்ச்சில் மறுபடி திறந்தது. கிரீனிச் பார்க் நிலையம் திறக்கவே இல்லை. அப்படியானால் பிழைத்தது எது? கிரீனிச் பார்க் பாதையில் லூயிஷம் வரையிலான பகுதியை 1920-களின் கடைசியில் மற்ற பாதைகளோடு இணைத்து எடுத்துக்கொண்டார்கள். இன்றும் அதில் வண்டி ஓடுகிறது. அது எங்கோ போய்ச் சேரும் பாதை ஆனதால் தப்பித்தது. மேட்டு உச்சியில் முடியும் பாதைக்கு அப்பால் போக இடமே இல்லை. என்னைக் கேட்டால், இந்த ஆய்வில் மிகத் தெளிவான தடயம் இந்த ஒப்பீடுதான்.

1923-ல் இந்தக் கம்பெனிகள் எல்லாம் சதர்ன் ரயில்வேயில் சேர்ந்தன. இனி ஹை லெவலும் லோ லெவலும் ஒரே முதலாளி. ஒரே இடத்துக்கு இரண்டு நிலையங்கள் எதற்கு என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும். சதர்ன் அதற்கு மாறாக ஹை லெவல் கிளைக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தது. 1925-ல் மின்சாரம் தரும் மூன்றாவது தண்டவாளம் போட்டு எலெக்ட்ரிக் டிரெயின் விட்டது. லண்டனின் மற்ற புறநகர்ப் பாதைகளில் இந்த மருந்து நன்றாக வேலை செய்தது. இங்கே ஓரளவு மட்டும்.

தீயும் அதற்குப் பிறகும்

1936 நவம்பர் 30 இரவு அரண்மனை எரிந்தது. 89 தீயணைப்பு வண்டிகளும் 400-க்கு மேற்பட்ட வீரர்களும் வந்தும் விடிவதற்குள் உருகிய கண்ணாடியும் வளைந்த இரும்பும்தான் மிச்சம். சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த நிலையம் தப்பித்தது. ரயில்கள் ஓடின. யாரும் உடனே மூடவில்லை.

அடுத்து போர். குண்டு வீச்சில் லார்ட்ஷிப் லேன் நிலையம் சேதமானது. 1944 மே 22-ல் சேவை நின்றது, 1946 மார்ச் 4-ல் தொடங்கியது. இந்த முறை திரும்பி வந்த பாதைக்குப் பழைய பாழான நிலையங்கள், ஒழுகும் கூரை, விரல்விட்டு எண்ணக்கூடிய பயணிகள். 1948-ல் நாட்டுடைமையான பிரிட்டிஷ் ரயில்வேக்கு, பழுதுபார்க்கும் செலவையும் டிக்கெட் வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது முடிவு எடுப்பது கடினமாக இருந்திருக்காது. 1954 செப்டம்பர் 20 முதல் கிளை மூடப்பட்டது. சிக்கனம் என்ற பெயரில் நாடு முழுக்கப் பாதைகளை வெட்டிய பீச்சிங் அறிக்கை வர இன்னும் 9 ஆண்டுகள் இருந்தன. மின்மயமாக்கிய ஒரு லண்டன் புறநகர்ப் பாதையை முழுசாகக் கைவிடுவது அபூர்வம். அதனால்தான் இந்தக் கிளைக்கு இன்றும் இத்தனை ஆர்வலர்கள்.

வடக்கு லண்டனில் இதன் இரட்டைப் பிறவி போல ஒன்று இருந்தது. அலெக்சாண்ட்ரா பேலஸ் கிளை. 1873-ல் அரண்மனையோடு சேர்ந்து திறந்தது. திறந்த 16-வது நாளே அந்த அரண்மனை எரிந்தது. மறுபடி கட்டினார்கள், ரயிலும் ஓடியது. கடைசியில் அதன் பயணிகள் சேவையும் நின்றது இதே 1954-ல், ஜூலையில். அரண்மனை நின்றுகொண்டிருந்த இடத்திலேயே கிளை செத்தது என்றால், அரண்மனை எரிந்ததால் கிளை செத்தது என்ற வாதம் எவ்வளவு பலவீனம் என்று தெரியும்.

மனசைச் சங்கடப்படுத்துவது இன்னொன்று. எஸ்டேட்டின் நீண்ட குத்தகைகள் முடிவுக்கு வந்து, பாழடைந்த மாளிகைகளை இடித்துவிட்டு, சிடன்ஹம் மேட்டிலும் லார்ட்ஷிப் லேன் பக்கமும் மாநகராட்சி அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தது 1950-களிலும் 60-களிலும். 90 ஆண்டுகளாக இந்தப் பாதை காத்திருந்த பயணிகள் அவர்கள். வந்து சேர்ந்தபோது தண்டவாளம் இல்லை. இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இழுத்துப் பிடித்திருந்தால் இந்தப் பாதை தப்பித்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

இன்றைக்கு என்ன இருக்கிறது

வடக்கிலிருந்து தெற்காகப் போவோம். நன்ஹெட் நிலையத்தில் இன்றும் ரயில் நிற்கிறது. அதைத் தாண்டிச் சிறிது தூரத்தில் கிளையின் தடம் பிரெஞ்ச்லி கார்டன்ஸ் என்ற நீளமான பூங்காவாகிவிட்டது. சாலைக்கு இணையாக உயர்ந்து போகும் மண் கரையைப் பார்த்தால் ரயில் போட்ட மேடு என்று தெரிந்துவிடும். ஆனர் ஓக் நிலையம் இருந்த இடத்தில் வீடுகள். அடுத்து ஹார்னிமன் அருங்காட்சியகத்தின் இயற்கை நடைபாதை, பழைய பாதையின் ஒரு துண்டின் மேல்தான் அமைந்திருக்கிறது. லார்ட்ஷிப் லேன் நிலையமும் சாலையைக் கடந்த பாலமும் போய்விட்டன.

அந்த நிலையம் ஓர் ஓவியத்தில் பிழைத்திருக்கிறது. பிரெஞ்சு–பிரஷ்யப் போருக்குத் தப்பி லண்டன் வந்த ஓவியர் காமில் பிஸாரோ, 1871-ல் காக்ஸஸ் வாக் நடைபாலத்தின் மேலிருந்து அதை வரைந்தார். எதிரே வளைந்து வரும் பாதை, புகை கக்கி வரும் சிறு வண்டி, கைகாட்டி மரங்கள், இரு பக்கமும் புல் சரிவு. புல் அறுக்கும் ஓர் ஆளை முதலில் வரைந்து, பிறகு அவரையே அழித்திருக்கிறார். படம் கோர்ட்டோல்ட் காட்சிக்கூடத்தில் இருக்கிறது. நெடுங்காலம் அதைப் பக்கத்து ஊரான பெஞ்ச் (Penge) நிலையம் என்று தவறாகக் குறித்து வைத்திருந்தார்கள். ஓவியத்தில் மனித நடமாட்டமே இல்லை, ஒரு வண்டியைத் தவிர. பாதை திறந்து ஆறாவது ஆண்டில் வரைந்த படம் இது. ஊர் வராத பாதை என்று மேலே சொன்னதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் இந்தப் படம் போதும்.

அவர் நின்ற இடத்தில் இன்றும் நடைபாலம் உண்டு, அதே மரக்கட்டைகள் அல்ல, பின்னால் புதுப்பித்தது. சில ஆண்டுகளுக்கு முன் பாலத்தைப் பழுதுபார்க்கப் பக்கத்திலிருந்த இரண்டு முதிய ஓக் மரங்களை வெட்ட வேண்டும் என்று யோசனை வந்தபோது ஊர்க்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். பாலத்தில் நின்று பிஸாரோ பார்த்த திசையில் பார்த்தால் மரங்கள்தான் தெரியும்.

பாலத்துக்குத் தெற்கே சிடன்ஹம் ஹில் வுட். ஒரு காலத்தில் தெற்கு லண்டன் முழுக்கப் பரவியிருந்த கிரேட் நார்த் வுட் காட்டின் மிச்சத் துண்டு. 1982 முதல் லண்டன் வைல்ட்லைஃப் டிரஸ்ட் பராமரிக்கிறது. அந்தப் பத்தாண்டில் அங்கே வீடு கட்ட வந்த திட்டங்களை எதிர்த்து நின்று காத்த இடம். ரயில் பாதையின் தளமே இப்போது காட்டின் நடுவே அகலமான நடைபாதை. மற்ற ஒற்றையடிப் பாதைகள் ஏறி இறங்கி வளைய, இது மட்டும் சீரான ஏற்றத்தில் போகும். இரண்டு தண்டவாள அகலம் காலுக்கே தெரியும். ஓரங்களில் மாளிகைத் தோட்டங்களின் மிச்சம், லெபனான் தேவதாரு, ஒரு செயற்கை இடிபாடு. தோட்ட அலங்காரத்துக்காகக் கட்டிய அந்தப் போலி இடிபாட்டைப் பார்த்துப் பழைய மடாலயம் என்று நினைப்பவர்கள் உண்டு.

நடைபாதை போய் முட்டும் இடம் கிரசென்ட் வுட் சுரங்கத்தின் வாய். பெரிய செங்கல் வளைவு, மேலே தொங்கும் ஐவிக் கொடி, வாயை அடைத்த தடுப்பு. உள்ளே மனிதர்களுக்கு அனுமதி இல்லை. குளிர்காலம் கழிக்கும் வௌவால்களுக்காகத் தடுப்பில் இடைவெளி விட்டிருக்கிறார்கள். மறு பக்கம் அப்பர் சிடன்ஹம் இருந்த குறுகிய பள்ளம். அதைத் தாண்டியதும் அடுத்த சுரங்கம், பாக்ஸ்டன் பெயரில். இரண்டு சுரங்கங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட அந்த நிலையத்துக்கு யார் வந்து ஏறியிருப்பார்கள் என்று அங்கே நின்று பார்த்தால் புரியவில்லை.

ஹை லெவல் நிலையத்தை 1961-ல் இடித்தார்கள். அந்த இடத்தில் வீடுகள். ஆனால் கிறிஸ்டல் பேலஸ் பரேட் சாலையைத் தாங்கி நிற்கும் பிரம்மாண்டமான செங்கல் சுவர் அப்படியே இருக்கிறது. சாலைக்கு அடியில்தான் இந்தப் பாதையின் ஆகச் சிறந்த மிச்சம்: நிலையத்திலிருந்து நேராக அரண்மனைக்குள் போக 1865-ல் கட்டிய சுரங்க நடை. எண்கோணத் தூண்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தூணும் மேலே போகப் போகக் குடை விரித்தது போல் எல்லாப் பக்கமும் பரவி அடுத்த தூணின் விரிப்போடு சேரும். சிவப்புச் செங்கல்லும் வெளிறிய மஞ்சள் செங்கல்லும் மாறி மாறிப் பட்டை போட்டிருக்கும். பூச்சு இல்லை, ஓவியம் இல்லை. செங்கல்லை அடுக்கிய விதத்திலேயே அவ்வளவு அலங்காரமும். இத்தாலியத் தேவாலயக் கொத்தனார்கள் வந்து கட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு, ஆதாரம் கிடையாது. லண்டன் கொத்தனார்களால் முடிந்திருக்காது என்று நினைப்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

சுரங்கத்துக்குள் பயணிகளோடு மூடப்பட்ட ரயில் பெட்டி கிடக்கிறது என்ற வதந்தியும் இந்தப் பாதையோடு ஒட்டிக்கொண்டது. அதன் வேர் வேறு. 1864-ல் தாமஸ் ராமெல் அரண்மனைத் தோட்டத்தில் காற்றழுத்தத்தால் தள்ளும் ஒரு சோதனை ரயிலைச் சில வாரங்கள் ஓட்டிக் காட்டினார். புதைந்த பெட்டிக் கதை அதிலிருந்து பிறந்து, இந்தச் சுரங்கங்களுக்கு இடம் மாறிவிட்டது.

போரில் சுரங்க நடை குண்டுத் தஞ்சமாக இருந்தது. பிறகு நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. 2010-ல் அதற்கென்றே உள்ளூர் நண்பர் குழு உருவாகி விடாமல் குரல் கொடுத்தது. 2018-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் அதன் தரம் உயர்த்தப்பட்டது. சீரமைப்பு முடிந்து 2024-ல் மக்களுக்குத் திறந்தார்கள். பக்கத்து முற்றத்துக்கு இரும்பும் கண்ணாடியுமான கூரை புதிதாக வந்திருக்கிறது. அரண்மனையும் போய் நிலையமும் போன பிறகு, இரண்டையும் இணைக்கக் கட்டிய நடை மட்டும் முழுசாக நிற்கிறது.

மேட்டின் கீழே லோ லெவல் நிலையம் இப்போது வெறும் கிறிஸ்டல் பேலஸ். 2010-ல் ஓவர்கிரவுண்ட் என்ற லண்டன் நகர ரயில் சேவையும் சேர்ந்து முன்னெப்போதையும்விட மும்முரமாக இருக்கிறது. ஹை லெவல் கிளையை மறுபடி போட முடியுமா என்று அவ்வப்போது யாராவது கேட்பார்கள். தடத்தின் மேல் வீடுகள் நிற்கின்றன, காடு சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது, கீழே ஏற்கெனவே நல்ல நிலையம் இருக்கிறது. முடியாது.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: கிறிஸ்டல் பேலஸ் நிலையத்தில் இறங்கி, பரேட் சாலையில் ஏறி, காடு வழியாக லார்ட்ஷிப் லேன் வரை நடக்கலாம். இலை உதிர்ந்த குளிர்காலம் நல்லது, சுரங்க வாயும் மண் கரைகளும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். சுரங்க நடை எல்லா நாளும் திறந்திருக்காது. அது திறக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு மற்றதை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.